கஞ்சி குடித்தால் கௌரவம் போய்விடுமா?

இன்று ராத்திரி பத்து மணிக்கு உங்கள் வீட்டில் யாருக்காவது வாந்தியும் பேதியும் ஆரம்பிக்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். என்ன செய்வீர்கள்?

இதே கேள்வியைப் போகிற வருகிற இடமெல்லாம் கேட்டுப் பார்த்தேன். பதில்கள் நாலே வகைதான். 'ஒண்ணும் குடுக்கக் கூடாது சார், வயித்தைக் காயப்போடணும்' என்பது முதல் வகை. 'மெடிக்கல் ஷாப்ல சொன்னா ஒரு மாத்திரை குடுப்பான், உடனே நின்னுடும்' என்பது இரண்டாவது. 'ஏதாவது கலர் வாங்கிக் குடுங்க, தெம்பா இருக்கும்' என்பது மூன்றாவது. 'நேரா கிளினிக்குக்குப் போய் ஒரு பாட்டில் ட்ரிப்ஸ் ஏத்திடணும்' என்பது நாலாவது.

'அடுப்பைப் பத்த வச்சு ஒரு பிடி அரிசியைப் போட்டுக் கஞ்சி வைப்பேன்' என்று சொன்னவர் ஒரே ஒருத்தர். எண்பது வயதைத் தாண்டிய ஆச்சி. அவர் சொன்னதும் பக்கத்தில் இருந்த பேத்தி சிரித்துவிட்டாள். காலேஜில் படிக்கிற பெண். 'இந்தக் காலத்துல போய் கஞ்சியா ஆச்சி?'

இந்த வாரம் அந்தச் சிரிப்போடுதான் எனக்குச் சண்டை.

சிரித்த பெண்ணின் ஊர் காரைக்கால். அதனால்தான் எனக்கு உறைத்தது.

2022 ஜூலை 3, ஞாயிற்றுக்கிழமை. காரைக்காலில் பொது சுகாதார அவசரநிலையை அறிவித்தது புதுச்சேரி சுகாதாரத் துறை. ஊரில் நூற்றுக்கணக்கான பேருக்கு வயிற்றுப்போக்கு. சோதித்த மாதிரிகள் சிலவற்றில் காலரா உறுதியானது. பள்ளி, கல்லூரிகளுக்கு மூன்று நாள் லீவு விட்டார்கள். 144 போட்டார்கள். கலவரத்துக்கு 144 போட்டுப் பார்த்திருப்பீர்கள். குழாய்த் தண்ணீருக்காக 144 போட்ட ஊர் அது. கொதிக்க வைத்த தண்ணீரையே குடியுங்கள், நன்றாக வெந்த உணவையே சாப்பிடுங்கள் என்று அறிவுரை சொன்னார்கள்.

இது நடந்தது ஏதோ மலைக்காட்டில் இல்லை. காவிரியின் கடைமடையில், வடக்கே தரங்கம்பாடிக்கும் தெற்கே நாகூருக்கும் நடுவில், 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டு, நேர்நேராகத் தெரு போட்டுவிட்டுப் போன ஊரில். அரசலாறு ஓடுகிற ஊர். சனிப்பெயர்ச்சிக்கு லட்சக்கணக்கில் ஜனங்கள் வருகிற திருநள்ளாறு பக்கத்திலேயே இருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில், இருபத்தோராம் நூற்றாண்டில், நம் தாத்தா காலத்து வாந்திபேதி.

பழைய குழாய், உடைந்த குழாய், கழிவுநீர் கலப்பு என்று அப்போது நிறையப் பேசினார்கள். பேச வேண்டியதுதான். அதற்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன்னால், நோய் வந்துவிட்ட வீட்டுக்குள் அந்த முதல் நாலு மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். உயிர் போவதும் நிற்பதும் அங்கேதான்.

காலராவில் ஆளைக் கொல்வது கிருமி இல்லை, வறட்சி. உடம்பில் இருக்கிற தண்ணீரும் உப்பும் கொட்டிப் போய்விடுகிறது. கடுமையாக இருந்தால் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர்கூடப் போகும். ஆரோக்கியமாக இருந்த பெரிய ஆளே சில மணி நேரத்தில் சாய்ந்துவிடலாம். போனதை உடனுக்குடன் திரும்ப ஊற்றினால் ஆள் பிழைப்பார். விஷயம் இவ்வளவுதான். பெரும்பாலான காலரா நோயாளிகளை வாய்வழியாகக் கொடுக்கிற உப்பு-சர்க்கரைக் கரைசலாலேயே காப்பாற்றிவிடலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஆனால் வெறும் தண்ணீர் போதாது. காலரா வந்த குடல் வெறும் தண்ணீரையும் உப்பையும் சரியாக உள்ளே இழுக்காது. உப்போடு கொஞ்சம் குளுக்கோஸ் சேர்ந்தால் இழுக்கும். இரண்டும் ஜோடியாக வந்தால் மட்டும் திறக்கிற ஒரு கதவு குடல் சுவரில் இருக்கிறது. நோய் எவ்வளவு முற்றினாலும் அந்தக் கதவு பூட்டிக்கொள்வதில்லை. உப்பும் குளுக்கோஸும் உள்ளே போக, பின்னாலேயே தண்ணீரும் போகும்.

இதை உலகத்துக்கு நிரூபித்துக் காட்டியவர் நம் நாட்டு டாக்டர்தான், திலீப் மஹலனபிஸ். 1971-ல் வங்கதேசப் போர் சமயம். மேற்கு வங்கத்தின் பன்காவ்ன் அகதி முகாம். காலரா தாண்டவமாடுகிறது, ட்ரிப்ஸ் பாட்டில்கள் தீர்ந்துபோகின்றன. உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் மூன்றையும் கலந்து, தண்ணீரில் கரைத்து, நோயாளிகளின் சொந்தக்காரர்கள் கையிலேயே கொடுத்தார். குடிக்கக் குடிக்க ஊற்றச் சொன்னார். அம்மாவும் அண்ணனும் தங்கையுமே நர்சு. முகாமில் நூற்றுக்கு முப்பது என்று இருந்த சாவு, அவருடைய பொறுப்பில் இருந்தவர்களிடம் நூற்றுக்கு நாலுக்கும் கீழே இறங்கியது.

காரைக்காலில் காலரா வந்த அதே 2022-ல், அக்டோபரில், அவர் காலமானார். அடுத்த ஜனவரியில் பத்ம விபூஷண் அறிவித்தார்கள். செத்த பிறகு.

சரி, இதில் கஞ்சி எங்கே வந்தது?

அரிசி என்பது என்ன? மாவுச்சத்து. மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் மணிகளைக் கோத்த சரம். குடலுக்குள் போய் மெதுவாக ஒவ்வொரு மணியாக அவிழும். குளுக்கோஸுக்குப் பதில் அரிசி மாவைப் போட்டு ஓ.ஆர்.எஸ். தயாரித்து, காலரா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பல ஆய்வுகள் செய்திருக்கிறார்கள். பேதியின் அளவு குறைந்தது. மற்ற வயிற்றுப்போக்குகளில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை டாக்டர்கள் 2000-ஆம் ஆண்டில், சீக்கிரம் செரிக்காத ஒரு வகை மாவுச்சத்தைக் கரைசலில் சேர்த்தால் காலராவில் இன்னும் நல்ல பலன் என்று காட்டினார்கள். அமெரிக்காவின் பெரிய மருத்துவ இதழ் அதை வெளியிட்டது.

உலக சுகாதார நிறுவனத்தின் கையேட்டிலேயே, பேதி ஆரம்பித்ததும் வீட்டில் கொடுக்கத் தகுந்த பானங்களில் உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர் இருக்கிறது, உப்புப் போட்ட மோர் இருக்கிறது. கொடுக்கக் கூடாதவற்றில் என்ன இருக்கிறது தெரியுமா? 'கலர்', பாக்கெட் பழரசம், சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீ, காபி. நாம் அப்படியே தலைகீழாகச் செய்துகொண்டிருக்கிறோம்!

அந்த ஆச்சிக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் தெரியாது. ஆனால் சரியான பதிலைச் சொன்னவர் அவர்தான். சிரித்தது படித்த பெண்.

ஏன் சிரிப்பு வருகிறது? கஞ்சி என்றால் நமக்குச் சாப்பாடு இல்லை, வறுமை. 'கஞ்சிக்கே வழியில்லாதவன்' என்பது வசவு. 2000-களின் தொடக்கத்தில் நெசவாளர்களுக்குக் கஞ்சித் தொட்டி திறந்தபோது கட்சிகள் எப்படி அடித்துக்கொண்டன என்பது பலருக்கு நினைவிருக்கும். கஞ்சி ஊற்றுவது ஒரு ஆட்சிக்கே அவமானம் என்கிற அளவுக்கு அந்த வார்த்தைமேல் கறை. அப்புறம் ஒரு நடுத்தரக் குடும்பம் காய்ச்சல்காரப் பிள்ளைக்குக் கஞ்சி வைத்ததை வெளியே சொல்லுமா? பார்க்க வருகிறவர்கள் ரொட்டி பாக்கெட்டும் சாத்துக்குடியும் வாங்கி வருவார்கள். பார்க்க அழகாக இருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொரு காரணம் குக்கர். முன்பெல்லாம் பானையில் சோறு பொங்கி வடிப்பார்கள். காலை பத்து மணிக்கு எந்த வீட்டிலும் ஒரு சட்டி வடிகஞ்சி சூடாக இருக்கும். உப்பைப் போட்டுப் பிள்ளைக்குக் கொடுப்பார்கள், மிச்சம் மாட்டுக்கு, அதிலும் மிச்சம் வெள்ளை வேட்டிக்கு. மூன்று விசில் வந்த நாளிலிருந்து வடிகஞ்சி போய்விட்டது. குக்கரைக் குறை சொல்லவில்லை. பெண்களின் வேலையைக் குறைத்த எந்தச் சாமானுக்கும் நான் எதிரி இல்லை. ஆனால் சும்மா கிடைத்த மருந்து கையை விட்டுப் போனதை யாரும் கவனிக்கவில்லை.

காலியான அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது வியாபாரம். மருந்துக்கடை அலமாரியில் கலர் கலராக அட்டைப்பெட்டி பானங்கள் வந்தன. பெயரில் எங்காவது 'ஓ.ஆர்.எஸ்.' என்று பெரிதாக இருக்கும். உள்ளே உலக சுகாதார நிறுவனம் சொன்ன அளவைப் போலப் பல மடங்கு சர்க்கரை. அந்த நிறுவனத்தின் இன்றைய கணக்கு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு, இன்னும் இரண்டு உப்பு வகைகள். சர்க்கரை அளவுக்கு மீறினால் அது உடம்பிலிருந்து இன்னும் தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கும். பேதி கூடும். அதாவது தீயை அணைக்கிறேன் என்று எண்ணெயைக் காசு கொடுத்து வாங்கி ஊற்றுகிற கதை.

ஹைதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதை எதிர்த்துப் பல ஆண்டுகள் தனி ஆளாகச் சத்தம் போட்டார். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 ஏப்ரலில் அந்தப் பெயரைத் தடுத்தது. பிறகு ஜூலை 14-ஆம் தேதி, 'இது உலக சுகாதார நிறுவனம் சொன்ன ஓ.ஆர்.எஸ். அல்ல' என்று அட்டையில் ஒரு வரி போட்டுவிட்டுப் பெயரை வைத்துக்கொள்ளலாம் என்று தளர்த்தியது. தேதியைக் கவனியுங்கள். காரைக்காலில் காலரா அவசரநிலை அறிவித்துப் பதினோராவது நாள்! 2025 அக்டோபர் 14-ஆம் தேதிதான் அந்தச் சலுகையை முழுதாக வாபஸ் வாங்கினார்கள். மூன்று வருஷம். பேதியில் துவண்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கடையில் நிற்கிற அப்பா, அட்டையின் பொடி எழுத்தைப் படித்துவிட்டுத்தான் வாங்குவார் என்று நம்பிய மேதைகள் யாரோ!

நான் படித்தது பி.காம். அந்த வழக்கம் போகவில்லை, ஒரு கணக்குப் போடுகிறேன். கிலோ அறுபது ரூபாய் அரிசி என்றே வையுங்கள். ஒரு லிட்டர் கஞ்சிக்கு ஐம்பது கிராம் போதும். மூன்று ரூபாய். உப்புக்கும் கேஸுக்கும் தாராளமாக இன்னொரு மூன்று ரூபாய். ஆறு ரூபாய்ச் சரக்கில் எவனுக்கு லாபம்? லாபம் இல்லாத பொருளுக்கு விளம்பரம் கிடையாது. விளம்பரம் இல்லாத பொருள் நம் கண்ணுக்கு மருந்தாகத் தெரிவதும் கிடையாது.

இப்போது எதிர்த்தரப்பு வாதங்களுக்கு வருகிறேன்.

'அரசாங்கம் குழாயைச் சரி பண்ணாது, நீங்க கஞ்சி குடிக்கச் சொல்லி அவங்களைத் தப்ப விடுறீங்க' என்று ஒருவர் கோபப்படலாம். நியாயமான கோபம். கஞ்சி குடித்தால் குழாய் சரியாகாது. கழிவுநீர் கலக்காத தண்ணீர் கொடுப்பது அரசின் கடமை, அதில் ஒரு இம்மிகூட விட்டுக்கொடுக்க நான் தயாரில்லை. சொல்லப் போனால் அரிசி விஷயத்திலேயே புதுச்சேரி அரசாங்கங்களின் லட்சணத்தைப் பார்த்தோம். 2015 செப்டம்பரில் மத்திய அரசின் திட்டப்படி, அரிசிக்குப் பதில் பணத்தை வங்கியில் போட ஆரம்பித்தார்கள். அப்புறம் அரிசியா பணமா என்று கவர்னரும் முதலமைச்சரும் கோர்ட் வரை போய்ச் சண்டை போட்டார்கள். ரேஷன் கடைகள் பூட்டிக் கிடந்தன. 2024 அக்டோபரில் தீபாவளியை ஒட்டித்தான் மறுபடி திறந்தார்கள். நெல் விளைகிற காவிரி டெல்டாவில் ரேஷன் கடை இத்தனை வருஷம் பூட்டு! ஆகவே கேள்வி கேளுங்கள். ஆனால் கேள்விக்குப் பதில் வருவதற்கு வருஷங்கள் ஆகும், பேதி வந்த பிள்ளைக்கு மணிக்கணக்குத்தான் இருக்கிறது.

'அப்ப ட்ரிப்ஸே வேணாமா?' வேண்டும். குடிக்க முடியாத அளவுக்குத் துவண்டுவிட்டவருக்கு ட்ரிப்ஸ்தான் உயிர். குடிக்கத் தெம்பு இருக்கிறவருக்கும் கௌரவத்துக்காக ஊசி குத்துவதைத்தான் வேண்டாம் என்கிறேன். கஞ்சி ஓ.ஆர்.எஸ்.ஸுக்கு எதிரியும் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தருகிற அந்தப் பொட்டலம் கஞ்சியைவிட முழுமையான மருந்து. கஞ்சியில் இல்லாத பொட்டாசியம் அதில் இருக்கிறது. பொட்டலம் கையில் இருந்தால் அதை முதலில் கரையுங்கள். இல்லையென்றால், வாங்கி வரும்வரை சும்மா உட்கார்ந்திருக்காமல் அடுப்பைப் பற்ற வையுங்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, பேதி வந்த குழந்தைகளில் ஓ.ஆர்.எஸ். கிடைத்தது நூற்றுக்கு 60.6 பேருக்குத்தான். மீதி நாற்பது குழந்தைகள் என்ன குடித்தார்கள்?

மூன்றாவது கூட்டம் ஒன்று இருக்கிறது. அவர்கள் என் பக்கம் சேர்ந்துகொள்வதுதான் எனக்குப் பயம். 'பாட்டி வைத்தியம் என்றைக்கும் பெஸ்ட் சார், நீராகாரம் குடிச்சா ஒரு நோயும் அண்டாது' என்கிற கூட்டம். ஐயா, கொஞ்சம் நில்லுங்கள். காலரா பரவுகிற ஊரில் குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றி ராத்திரி முழுக்க ஊற வைத்த சோறு மருந்து இல்லை. ஆறிப்போய்க் கிடக்கிற சோற்றில் காலராக் கிருமி நன்றாகவே வளரும். நான் சொல்வது கொதித்த கஞ்சி, அன்றைக்கு வைத்த கஞ்சி. பாட்டி சொன்னதால் அது சரியாகிவிடவில்லை. கொதித்ததாலும் உப்பும் மாவுச்சத்தும் சேர்ந்ததாலும் சரி.

எப்படி வைப்பது என்று தெரியாதவர்கள் வெட்கப்படாமல் கேளுங்கள். இதைச் சொல்லிக் கொடுக்கிற பள்ளிக்கூடம் இல்லை.

ஒரு பிடி அரிசி, சுமார் ஐம்பது கிராம். மிக்ஸியில் ஒரு சுற்று விட்டு நொய்யாக்குங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு, ஒன்றேகால் லிட்டர் தண்ணீரில் போட்டு இருபது நிமிஷம் நன்றாகக் கொதிக்க விடுங்கள். டம்ளரில் ஊற்றினால் ஓடுகிற பதம் வேண்டும், கரண்டியில் ஒட்டக் கூடாது. கெட்டியாகிவிட்டால் கொதித்த தண்ணீர் சேர்த்து ஒரு லிட்டருக்குக் கொண்டு வாருங்கள். தூள் உப்பு அரை டீஸ்பூன், தலை தட்டி. மூன்று கிராம். அதற்கு மேல் வேண்டாம். கண்ணீரைவிட அதிகமாகக் கரித்தால் உப்பு ஜாஸ்தி, கொட்டிவிட்டுப் புதிதாக வையுங்கள். ஆறு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம்.

ஒவ்வொரு தடவை பேதி போன பிறகும் இரண்டு வயதுக்குள் இருக்கிற பிள்ளைக்கு 50 முதல் 100 மில்லி, பத்து வயது வரை 100 முதல் 200 மில்லி, பெரியவர்களுக்குக் குடிக்கிற வரைக்கும். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து, மறுபடி ஸ்பூன் ஸ்பூனாக. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் கஞ்சி கிடையாது. தாய்ப்பாலும் டாக்டர் சொல்கிற ஓ.ஆர்.எஸ்.ஸும்தான். பிள்ளைகளுக்கு டாக்டர் தருகிற துத்தநாக மாத்திரையைச் சொன்ன நாள் வரை கொடுங்கள். சாப்பாட்டை நிறுத்தாதீர்கள். கண் குழிவிழுந்தால், குடிக்க முடியாமல் மயங்கினால், மூத்திரம் நின்றால், மலத்தில் ரத்தம் வந்தால், தண்ணீர் தண்ணீராகக் கொட்டிக்கொண்டே இருந்தால், ஒரு நிமிஷமும் யோசிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். வழியிலும் ஊற்றிக்கொண்டே போங்கள்.

அவ்வளவுதான். இதை நான் எழுதவே தேவை இருந்திருக்கக் கூடாது. யாராவது உங்கள் வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லியிருக்க வேண்டும்.

வங்கதேசத்தில் தட்டினார்கள். 'பிராக்' என்ற தொண்டு நிறுவனம் 1980-லிருந்து 1990 வரை கிராமம் கிராமமாகப் பெண்களை அனுப்பி, ஒரு கோடிக்கு மேற்பட்ட வீடுகளில் உப்பும் வெல்லமும் கலந்த கரைசலைச் செய்து காட்டியது. அதில் ஒரு சூட்சுமம் இருந்தது. சொல்லிக் கொடுத்த பெண்ணுக்குச் சம்பளம், எத்தனை வீட்டுக்குப் போனார் என்பதை வைத்து அல்ல. பின்னால் இன்னொருவர் போய்ச் சோதிப்பார். அந்த அம்மாவுக்கு எவ்வளவு நினைவிருக்கிறது, சரியாகக் கலக்கிறாரா என்பதை வைத்துப் பணம்! நம் ஊரில் விழிப்புணர்வு என்றால் ஒரு ஊர்வலம், ஒரு பேனர், ஒரு போட்டோ. யாருக்கு என்ன நினைவிருக்கிறது என்று எவர் திரும்பி வந்து கேட்டார்கள்?

காரைக்காலுக்குக் கஞ்சி கேவலமான பொருள் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். ரம்ஜான் மாதத்து மாலையில் பள்ளிவாசல் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், நோன்புக் கஞ்சியின் வாசனை. தூக்குவாளியோடு நிற்கிறவர்களில் நோன்பு வைக்காத வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. பூண்டும் வெந்தயமும் தேங்காய்ப் பாலும் கறியும் சேர்ந்த அந்தக் கஞ்சி நோயாளிக்கு ஆகாதுதான். ஆனால் அதைக் கௌரவமாகக் கையேந்தி வாங்குகிற ஊர், பிள்ளைக்கு உடம்பு முடியாதபோது கஞ்சி வைக்க மட்டும் ஏன் கூச்சப்பட வேண்டும்?

அதே ஊரில்தான் ஆனிப் பௌர்ணமியில் மாங்கனித் திருவிழா. 2022-ல் அந்தப் பௌர்ணமி ஜூலை 13, காலரா அறிவிப்பு வந்து பத்தே நாளில். காரைக்கால் அம்மையார் கதை உங்களுக்குத் தெரியும். பசியோடு ஒரு அடியார் வாசலில் வந்து நிற்கிறார். சோறு வெந்திருக்கிறது, கறி ஆகவில்லை. கறி ஆகட்டும் என்று அந்தப் பெண் அவரைக் காக்க வைக்கவில்லை. இருந்த சோற்றையும் கணவன் கொடுத்தனுப்பிய ஒரு மாம்பழத்தையும் இலையில் வைத்துவிட்டார்.

அந்தக் கதையில் பக்தர்கள் மாம்பழத்தைப் பார்க்கிறார்கள். நான் சோற்றைப் பார்க்கிறேன். பசித்தவரைக் காக்க வைக்காத கை, வீட்டில் இருந்ததை உடனே எடுத்து வைத்த கை.

உங்கள் வீட்டிலும் அரிசி இருக்கிறது. உப்பு இருக்கிறது. ராத்திரி பத்து மணிக்கு மெடிக்கல் ஷாப் மூடியிருக்கலாம். அடுப்பு மூடியிருக்காது.

அந்தக் காரைக்கால் பெண் இதைப் படித்தால் ஒரே ஒரு வேண்டுகோள். ஆச்சியைப் பார்த்துச் சிரித்தது போகட்டும் தாயி. இந்த ஞாயிற்றுக்கிழமை ஆச்சியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு நீயே ஒரு தடவை கஞ்சி வைத்துப் பார்.